செல்லாத சில்லறை

அந்தத் துணியின் வலப்பக்கத்தில் பதினொரு காசுகள் இல்லை. இடப்பக்கத்தில் ஒன்றுகூட உதிரவில்லை. கருநீல நிறத்தில் முக்கோணமாக வெட்டிய மெல்லிய துணி அது. விளிம்பில் மூன்று வரிசையாகத் தகரக் காசுகள் தைத்திருக்கும். இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினால் ஒவ்வோர் அசைவுக்கும் கலகலக்கும். வகுப்பில் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். என் அண்ணனின் மனைவி, என் அண்ணி, முதல் நாளே அதற்குச் சில்லறைத் துணி என்று பெயர் வைத்துவிட்டார். இன்று பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்து விரித்தபோது பூண்டு வாசனையும் மஞ்சள் வாசனையும் கலந்து வந்தன. அண்ணி சமையலை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமாக எடுத்துக் கட்டிய துணியல்லவா.

நான் நாள்குறிப்பு எழுதுகிறவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பெட்டி பெட்டியாகத் தேதிச் சீட்டு ஒட்டிய கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. சிலிண்டர் மாற்றிய நாள், மோட்டார் பழுதான நாள், அயனம்பாக்கம் ஏரி நிரம்பிய நாள் எல்லாம் என் நோட்டுகளில் இருக்கின்றன. திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டில் மூன்று பேர்: அண்ணன், அண்ணி, கல்யாணம் செய்துகொள்ளாத நான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தினசரிக் காலண்டரில் காலையில் தாள் கிழிப்பது என் உரிமை. வீட்டில் எந்தத் தேதி பற்றிச் சந்தேகம் வந்தாலும் அண்ணன், "பாப்பா சொன்னா பஞ்சாங்கம் சொன்ன மாரி," என்பார். ஐம்பதை நெருங்கும் என்னை இருவரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வகுப்பு எங்களுக்குக் கிடைத்தது ஒரு தவறான வாசிப்பினால். அயனம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஆங்கிலத்தில் ஒரு தட்டி வைத்திருந்தார்கள். இணைவு பெல்லி நடனம், பெண்களுக்கு மட்டும், சனிக்கிழமை காலை. அண்ணி எழுத்துக்கூட்டிப் படித்தார். பெல்லி என்ற சொல்லோடு நின்றுவிட்டார். "தொப்பை கொறைக்கிற க்ளாஸா பாப்பா? டாக்டரு இடுப்பு வலிக்கு எக்சர்சைஸ் பண்ணச் சொன்னாரே. வா, சேந்துரலாம்." நான் படித்தவள், அது எகிப்துப் பக்கத்து இடுப்பாட்டம் என்று எனக்குத் தெரியும். திருத்தவில்லை. ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எனக்கும் உள்ளே போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது என்பதுதான் உண்மையாக இருக்க வேண்டும். அண்ணனிடம் இடுப்பு எக்சர்சைஸ் என்றே சொன்னோம்.

முதல் சனிக்கிழமை அந்தக் குடியிருப்பின் சங்க அறையில் பன்னிரண்டு பெண்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர்கள் சிலர், கணினி வேலைக்காரப் பெண்கள் சிலர். புடவையில் வந்தவர் அண்ணி ஒருவர்தான். சொல்லிக்கொடுத்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனாலும் எல்லோருக்கும் அவர் மிஸ். கைபேசிகளை வாசலில் ஒரு கூடையில் போடச் சொன்னார். யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே விதி. பிறகு பாட்டைப் போட்டு இடுப்பால் ஒரு வட்டம் வரைந்தார். அண்ணி என் காதருகே குனிந்து, "இது தொப்பைய கொறைக்கிற க்ளாஸ் இல்ல பாப்பா. தொப்பைய எழுப்பி உடுற க்ளாஸு," என்றார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார்.

மூன்றாம் வாரம் மிஸ் அண்ணியின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்கு இடது இடுப்பு நல்லா வருது. வலது அப்படியே தூங்குது," என்றார். அண்ணி சிரிக்காமல் பதில் சொன்னார்: "அது எப்பவும் தூங்கிகினுதான் கீது மிஸ். வேலையெல்லாம் இடதுதான் செய்யிது." அப்போதுதான் புரிந்தது. கோவில்பதாகையில் சிறுமியாக இருந்த காலம் முதல் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி, குடத்தை எப்போதும் இடது இடுப்பில் வைத்தே சுமந்தவர் அண்ணி. அறையில் நாற்பது தாண்டிய எல்லோரும் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் உயரமாக இருந்தது.

இணைவு என்பதற்கு மிஸ் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. வெளியிலிருந்து வந்த ஆட்டத்தை அப்படியே போட்டுக்கொள்ள வேண்டாம், உங்கள் உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த அசைவு ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றார். ஒருவர் மாவாட்டினார். ஒருவர் தறியில் நாடா எறிந்தார். அண்ணி இல்லாத குடத்தை இடது இடுப்பிலிருந்து தூக்கி, வயிற்றின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, வலது இடுப்பில் உட்கார வைத்தார். வாழ்நாள் முழுக்க அவர் செய்யாத அசைவு அது. குடம் வலப்பக்கம் போய் உட்கார்ந்த இடத்தில் உடம்பு ஒருகணம் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தையே வைத்து மிஸ் ஒரு நடனம் அமைத்தார். அரபு மேளத்தோடு நம் தெருவின் பறையும் சேர்ந்து ஒலிக்கும். எல்லோரும் குடத்தை மாற்றுவார்கள், முன்வரிசை நடுவில் அண்ணி. நான் கடைசி வரிசை.

வலது இடுப்பை எழுப்ப அண்ணிக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய் ஆடுவார். அங்கேதான் அந்தப் பதினொரு காசுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டு நடந்தவர் நிமிர்ந்து நடந்தார். ஷேர் ஆட்டோவில் ஒருநாள் ஓட்டுநர் சில்லறை கேட்டார், இல்லை என்றோம். வண்டி குலுங்கியதும் அண்ணியின் மடியிலிருந்த பை கலகலவென்றது. "பை நெறைய சில்லறைய வெச்சிகினு இல்லன்றியேமா," என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "அது வேற சில்லறை நைனா. செல்லாது," என்றார் அண்ணி. வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி அத்தனை பேர் முன்னால் குரல் எடுத்துப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

இரண்டாம் ஆண்டு, அம்பத்தூரில் ஒரு பள்ளியின் அரங்கில் ஆடப்போகிறோம் என்று மிஸ் அறிவித்தார். ஆவணி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. அறிவிப்பைக் கேட்டு வீடு திரும்பும் வழியில் அண்ணி தன் ஆசையைச் சொன்னார். அதை அன்றே எழுதி வைத்திருக்கிறேன், சொல் மாறாமல்: "தெனமும் நான் நிக்கிறேன், அவரு குந்திகினு துன்றாரு. தட்டத்தான் பாக்குறாரு. ஒரு நாளாச்சும் குந்திகினு என்னப் பாக்கட்டுமே." என்ன நிகழ்ச்சி என்று சொல்லாமல் அண்ணனை அழைத்துப் போய் முதல் வரிசையில் உட்கார வைப்பது எங்கள் திட்டம்.

ஆடி முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, இரவுச் சாப்பாட்டின் நடுவில் அண்ணன் கேட்டார்: "பாப்பா, அம்மா திதி என்னிக்கு வருது?" அம்மா இறந்தது ஆவணி வளர்பிறைத் தசமி. பஞ்சாங்கத்தை எடுத்து, பெருமையோடு விரலை வைத்துப் படித்தேன். ஆவணி ஒன்று, ஞாயிறு. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. அண்ணன் கைகழுவப் போனதும் மெல்லக் கேட்டார்: "நல்லா பாத்தியா பாப்பா?" எனக்குச் சுருக்கென்றது. "நான் என்னைக்கு அண்ணி தேதி தப்பா சொல்லியிருக்கேன்?" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. "அத்தை வர்ற அன்னிக்கு நான் ஊட்ல இல்லாம எப்புடி," என்று தனக்கே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஆவணி முதல் நாள் இருவரும் போகவில்லை. அண்ணி விடியற்காலையில் தலைக்குக் குளித்து, வடையும் வாழைக்காயும் பாயசமும் செய்து படைத்தார். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் நாங்கள் மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டு நின்றோம். முன்வரிசை நடுவில் அண்ணியின் இடத்தைக் காலியாகவே விட்டு மற்றவர்கள் ஆடினார்கள் என்று மிஸ் பின்னால் சொன்னார்.

ஆவணி முப்பதாம் நாள், திங்கட்கிழமை காலை, வழக்கம்போலத் தாளைக் கிழித்தேன். அடியில் இருந்த தாளில் வளர்பிறைத் தசமி என்று அச்சிட்டிருந்தது. ஒரே மாதத்தில் அந்தத் திதி இரண்டு முறை வந்திருக்கிறது. நான் பஞ்சாங்கத்தில் முதல் தசமியைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டேன். பக்கத்தைத் திருப்பவில்லை. கோயிலுக்குப் போய்க் கேட்டேன். "ஒரு மாசத்துல ரெண்டு வந்தா பின்னாடி வர்றதுலதான்மா குடுக்கணும்," என்றார் குருக்கள், பூவைக் கட்டியபடியே.

சமையலறை வாசலில் நின்று அண்ணியிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்தார். "அப்போ அன்னிக்கு அத்தை வரல?" "வரல அண்ணி." "காக்கா துன்னுச்சே." பிறகு அவரே, "அது ஓசி சோறு துன்ன காக்கா," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வாழைக்காய் இருக்கிறதா என்று கூடையில் தேடினார். அன்றே மறுபடி முழுப்படையலும் செய்தார். "அவராண்ட சொல்லாத. உன்னத் திட்டுவாரு. கோயில்ல ரெண்டு வாட்டி படைக்கச் சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம். அத்தை கொடுத்து வெச்சவங்க." அண்ணன் அப்படியே நம்பினார். அன்று என் நாள்குறிப்பில் அம்மா திதி என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருக்கின்றன. என் நோட்டுகளில் நான் தெரிந்தே மறைத்த நாள் அது ஒன்றுதான்.

அடுத்த வருசம் ஆடிக்கலாம் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணி காயப்போட மாடிக்குப் போனவர் இறங்கி வரவில்லை. நான் ஏறிப் போனபோது வாளியில் துணிகள் பிழிந்தபடியே இருந்தன. காசுத் துணி இடுப்பில் இருந்தது. அண்ணன் ஏறி வருவதற்குள் அதை அவிழ்த்து என் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். அது சரியா என்று அப்போது யோசிக்கவில்லை.

இன்று அண்ணியின் முதல் ஆண்டுத் திதி. நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன், பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், காலண்டரில் பார்த்தேன், குருக்களிடமும் கேட்டேன். அண்ணனிடம் சொன்னபோது அவர், "நல்லா பாத்தியா பாப்பா?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

படையலில் மஞ்சள் புடவை, வளையல், பூ வைத்தோம். அந்தப் புடவையின் மேல் காசுத் துணியை வைத்தேன். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கை நீட்டி அந்தத் துணியைத் தூக்கினார். அது கலகலத்ததும் அவர் முகம் மாறியது. "இந்தச் சத்தம் மாடியில கேக்கும். உங்கண்ணி உண்டியல ஆட்டி ஆட்டிப் பாக்குறான்னு நெனச்சிகினு இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். தட்டியிலிருந்து தொடங்கி, இரண்டு தசமி வரைக்கும், மாடியில் நான் அவிழ்த்தது வரைக்கும். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துணியைத் திருப்பிப் பார்த்து, "இத்த கட்டிகினு இன்னா பண்ணுவா?" என்றார்.

திதி நாளில் ஆடக் கூடாது என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்று துணியைப் புடவைக்கு மேல் கட்டிக்கொண்டேன். இடது இடுப்பிலிருந்து குடத்தைத் தூக்கினேன், காசுகள் ஒலித்தன. வயிற்றின் முன்னால் கொண்டுவந்து வலது இடுப்பில் வைத்தேன். காசு உதிர்ந்த பக்கம், எனக்கு இன்னும் எழாத பக்கம். சத்தமே வரவில்லை. "இந்த எடத்துல அண்ணிக்குச் சத்தம் வரும்," என்றேன்.

அண்ணன் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.