பம்ப் கத்தினா எந்திரிக்கிற காலு

1. யாரோட அப்பா?

நாப்பத்தி நாலு வயசுல, புனேல, ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்ல எம்பிஏ படிக்கப் போனேன். முதல் நாள் காலேஜ் கேட்டுல செக்யூரிட்டி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "பேரன்ட்ஸ் உஸ் தரஃப்"னு கையை நீட்டினாரு. அவரு அவ்ளோ நிச்சயமா சொன்னதால நானும் அந்தப் பக்கமே போயி உக்காந்துட்டேன். டீ குடுத்தாங்க, சமோசா குடுத்தாங்க. சாங்லியிலேர்ந்து வந்திருந்த ஒரு அப்பா பக்கத்துல இருந்தாரு. ஹிந்தியில கேட்டாரு:

"உங்களுக்குப் பையனா, பொண்ணா?"

"ரெண்டும் இல்லீங்க. நான்தான்."

சமோசாவைத் தட்டுல வெச்சுட்டாரு. "அப்ப என் பொண்ணை நீங்கதான் பாத்துக்கணும்"னாரு. அந்தப் பொண்ணு பேரு அங்கிதா. ரெண்டு வருஷம் அவதான் என்னைப் பாத்துக்கிட்டா.

2. தூக்கக் கூடாது

இந்த வயசுல ஏன்யா படிப்புன்னு கேப்பீங்க. சொல்றேன்.

நான் பொறந்தது புனேல இருக்கற கட்கி. அப்பா அங்க ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில இருந்தாரு. நான் நர்சிங் படிச்சேன். புனேல ஆம்பளை நர்ஸை 'ப்ரதர்'னுதான் கூப்பிடுவாங்க. இருபது வருஷம் மெடிக்கல் வார்டுல ப்ரதர். என் பேரு செல்வராஜ்ங்கிறது சம்பளம் போடுறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். என்னைவிட வயசான ஆஜி, ஆஜோபாங்களுக்கும், அதாவது பாட்டி, தாத்தாங்களுக்கும் நான் ப்ரதர், அவங்க பேரனுக்கும் நான் ப்ரதர்.

ஒருநாள் ஒரு பெரிய உடம்புக்காரரைக் கட்டில்லேர்ந்து ஸ்ட்ரெச்சருக்கு மாத்தறப்ப முதுகுல 'களுக்'னுச்சு. அவரு நல்லபடியா ஸ்கேனுக்குப் போயிட்டாரு. அவரு பின்னாடியே நானும் இன்னொரு ஸ்ட்ரெச்சர்ல போனேன். டிஸ்க் விலகிருக்கு, இனிமே ஆளைத் தூக்கற வேலை கூடாதுன்னுட்டாங்க.

வீட்டுக்காரி சாந்தி ஸ்கூல் டீச்சர். சுருக்கமாத்தான் பேசுவா. "இனிமே நீங்க பேஷன்ட்டைத் தூக்கினீங்கன்னா, உங்களை நாலு பேரு தூக்க வேண்டியிருக்கும்."

லைட் டூட்டின்னு ஸ்டோர்ஸ்ல போட்டாங்க. கிளவ்ஸ் டப்பா அடுக்கற வேலை. வார்டுலேர்ந்து யாராச்சும் கிளவ்ஸ் கேட்டா, ஆள் அனுப்பாம நானே எடுத்துட்டுப் போவேன். போன இடத்துல ரெண்டு பேஷன்ட்கிட்ட பேசிட்டு, ஒருத்தருக்குத் தலகாணி சரி பண்ணிட்டு வருவேன். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், "ப்ரதர், கிளவ்ஸ் கொடுக்கப் போனீங்களா, பொண்ணு பாக்கப் போனீங்களா?"ன்னு கத்துவாரு.

அந்த லைட் டூட்டியும் கொஞ்ச நாள்தான். மேனேஜ்மென்ட் டிகிரி இல்லாம ஆபீஸ் வேலை நிரந்தரமா தர முடியாதுன்னு ஹெச்ஆர்ல சொல்லிட்டாங்க. கசார்வாடியில டைல்ஸ் கடை வெச்சிருக்கற மச்சான், "வாங்க மாமா, கல்லாவுல உக்காருங்க, டைல்ஸ் எல்லாம் பசங்க தூக்குவாங்க"ன்னாரு. நல்ல மனுஷன். ஆனா டெட்டால் வாசனை இல்லாத இடத்துல எனக்கு மூச்சு விடத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கணும்னா எம்பிஏ, இல்லன்னா டைல்ஸ்.

"படிங்க. நான் சமாளிக்கிறேன்"னா சாந்தி.

3. பெட்டுன்னா பெட்டு மட்டும்தான்

கிளாஸ்ல எல்லாரும் என்னைக் காகான்னாங்க. மராட்டியில சித்தப்பா மாதிரி. எக்செல்லு, அக்கவுன்ட்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லாம் அங்கிதா சொல்லிக்குடுத்தா. பதிலுக்கு நான் அவளுக்கு டிரிப்ஸ் ஏத்த நரம்புல குத்தற கேனுலாவுக்கும் மூத்திரத்துக்குப் போடற கத்தீட்டருக்கும் வித்தியாசம் சொன்னேன். அவ எனக்குச் சொன்னதுதான் ஜாஸ்தி.

எனக்கு வந்த கஷ்டம் வேற. கிளாஸ்ல பெட்டுன்னா பெட்டு மட்டும்தான், எனக்கு அதுல ஆளும் சேர்ந்து தெரியும். 'ஆவரேஜ் லெங்த் ஆஃப் ஸ்டே'ன்னு போர்டுல எழுதுவாரு சார். பேஷன்ட் சராசரியா எத்தனை நாள் தங்கறாங்கன்னு கணக்கு. எனக்கு உடனே ஒன்பதாம் பெட்டு குல்கர்ணி தாத்தா வந்து நிப்பாரு. வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னப்ப, 'இன்னும் ஒருநாள் இருந்துட்டுப் போறேனே ப்ரதர், வீட்டுல பேச ஆளில்ல'ன்ன மனுஷன். அவரை எந்தக் கட்டத்துல போடறது?

"காகா, ஃபார்முலா போடுங்க, கண்ணு கலங்காதீங்க"ன்னு அங்கிதா பென்சிலால குத்துவா.

4. இன்டர்வியூ

ப்ளேஸ்மென்ட்ல என் வயசைப் பாத்தே மூணு நாலு கம்பெனி பை சொல்லிடுச்சு. கடைசியா ஹிஞ்சேவாடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, ஆபரேஷன்ஸ்ல, அதாவது நிர்வாகத்துல ஒரு வேலை. கோட்டு, டை எல்லாம் சாந்தியே கட்டி விட்டா. "இது போச்சுன்னா டைல்ஸ்தான்"னேன். "டைல்ஸ் கடைக்கு டை வேணாம், அது ஒரு லாபம்"னா.

அவங்க கான்ஃபரன்ஸ் ரூம்ல பெயின்ட் வேலை. அதனால வார்டை ஒட்டின ஒரு சின்ன ரூம்ல இன்டர்வியூ. எதிர்ல டைரக்டர் மேடம், கூட ரெண்டு பேரு. "வார்டை விட்டுட்டு ஏன் மேனேஜ்மென்ட்?"னு மேடம் கேட்டாங்க. மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்க ஆரம்பிச்சேன்.

அப்ப வெளிய வார்டுல, டிரிப்ஸ் ஏத்தற ஒரு இன்ஃப்யூஷன் பம்ப் கத்த ஆரம்பிச்சுது. டிரிப்ஸ் எங்கயோ அடைச்சிருக்குன்னு சொல்ற பீப். நான் பேசறேன், அது கத்துது. யாரும் வரல. என் வாய் 'ஸ்ட்ராட்டஜி'ங்குது, காலு எந்திரிச்சிருச்சு.

"ஒரு நிமிஷம் மேடம்"னுட்டு போயிட்டேன்.

ஒரு ஆஜி, முழங்கையில கேனுலா, கையை மடிச்சு வெச்சுப் படுத்திருந்தாங்க. "ஆஜி, ஹாத் சரள் டேவா"ன்னு கையை நீட்டி வெச்சு, பம்பை மறுபடி ஓட விட்டேன். சத்தம் நின்னுச்சு. ஆஜி கண்ணைத் திறக்காமயே, "தேங்க்யூ ப்ரதர்"னாங்க.

கோட்டு போட்டிருக்கேன், டை கட்டிருக்கேன். எதை வெச்சுக் கண்டுபிடிச்சாங்களோ. அங்கயே அப்படியே நின்னுட்டேன். ரெண்டு வருஷத்துல யாரும் என்னை ப்ரதர்னு கூப்பிடல.

அதுக்குள்ள ஓடி வந்த சிஸ்டர், "யார் நீங்க? டை கட்டிட்டு வந்து பம்பைத் தொடறீங்க?"ன்னு ஒரு பிடி பிடிச்சாங்க. அவங்க கேட்டது நியாயம்தான். திரும்பி வந்து உக்காந்தேன். டைல்ஸ் கன்ஃபர்ம்னு மனசுல எழுதிட்டேன்.

மேடம் பேனாவை மூடினாங்க. "எந்திரிச்சுப் போனீங்களே, அது எனக்குப் பரவால்ல. ஆனா திரும்பி வந்து சும்மா உக்காந்துட்டீங்க. அதான் பிரச்சினை. அங்க ஏன் ஆளில்ல?"

"தெரியல மேடம்."

"ப்ரதர் வேலை முடிஞ்சுது. மேனேஜர் வேலை இன்னும் ஆரம்பிக்கல. போய்ப் பாத்துட்டு வாங்க."

போனேன். திட்டின சிஸ்டர்கிட்டயே மன்னிப்பு கேட்டுட்டு விசாரிச்சேன். கூட இருக்க வேண்டிய சிஸ்டர் ஒரு பேஷன்ட்டோட ஸ்கேனுக்குப் போயி, அங்க வரிசையில நிக்கறாங்களாம். தினமும் இப்படித்தானாம். வந்து சொன்னேன்: "பேஷன்ட்டை முன்னாடியே அனுப்பிட்டு அங்க காத்திருக்கோம் மேடம். ஸ்கேன் ரூம்ல இடம் காலியானதும் அவங்க கூப்பிடட்டும், அப்பறம் கிளம்பினா போதும்."

மேடம் சிரிக்கல. பக்கத்துல இருந்தவரைப் பாத்து, "எழுதிக்கோங்க"ன்னாங்க. எழுதிக்கிட்டது யோசனையையா, என்னையவான்னு வீட்டுக்கு வந்தும் புரியல. அடுத்த வாரம் ஆர்டர் வந்துச்சு.

5. இப்ப

அந்த வார்டு இருக்கற மாடியிலயே எனக்கு ஒரு ரூம். கதவுல பேரு போட்டிருக்கு, எல்லாருக்கும் என் பேரு தெரியும். 'சார்'ங்கறாங்க.

இப்ப எம்பிஏ படிக்கிற புள்ளைங்க டிரெயினிங்குக்கு வந்தா ஒண்ணு சொல்லுவேன். பம்ப் கத்தினா கேளுங்க. சிஸ்டரைக் கூப்பிடுங்க. சத்தம் நின்னதும் ரூமுக்குத் திரும்பிடாதீங்க, அப்பத்தான் உங்க வேலை. எழுதிக்குவாங்க.

எழுதிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. போன வாரம் காரிடார்ல போயிட்டிருந்தேன். பின்னாடி ஒரு ரூம்லேர்ந்து, "ப்ரதர்!"னு ஒரு குரல். "வந்துட்டேன்"னு திரும்பி ரெண்டு எட்டு வெச்சுட்டேன். ப்ளூ யூனிஃபார்ம்ல ஒரு தம்பி என்னைத் தாண்டி ஓடினான்.

"உங்களை இல்ல சார், என்னை"ன்னான்.

"தெரியும்பா, போ"ன்னேன்.

அவன் உள்ள போயி, பேஷன்ட்கிட்ட என்னவோ சொல்லி சிரிக்க வெக்கிற சத்தம் கேட்டுச்சு. கையில ஃபைலோட, மீட்டிங்குக்கு லேட்டாகறது தெரிஞ்சும், கதவுக்கு வெளியவே கொஞ்ச நேரம் நின்னேன்.