ரொக்கம் கொண்டுபோன நாள்

என் மகள் எஸ்தருக்கு நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆனாலும் இங்கே அவளுக்கு மாதாமாதம் மார்க் வருகிறது. காலையில் காபியோடு போனைத் திறந்து, "எழுநூற்று நாற்பத்து நாலுப்பா" என்பாள். எந்தப் பரீட்சை என்று கேட்டால், கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு இந்த நாடு போடும் மார்க்காம். கிரெடிட் ஸ்கோர் என்கிறார்கள். எனக்கு எவ்வளவு என்று ஒரு நாள் பார்க்கச் சொன்னேன். பூஜ்யம்கூட வரவில்லை. அப்படி ஒரு ஆளே இல்லை என்று வந்தது. எழுபத்திரண்டு வயது வரை யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்காததற்கு அதுதான் மரியாதை.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவில் ஒஹையோ போன்ற இடங்களுக்கு வந்து தங்கிவிடும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை நீங்கள் செய்துவிடக் கூடாது.

எஸ்தரின் கார் பழையது. குளிரில் மூன்று முறை சாவி போட்டால் ஒரு முறை கிளம்பும். கணவனைப் பிரிந்தபின் எல்லாம் அவள் ஒருத்திதான். தன் பெயரில் ஒரு வீடு வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தாள். இப்போதிருக்கும் வாடகை வீட்டின் மாடிப்படி பதினான்கையும் என் முழங்கால் தாங்குவதில்லை என்பதால், கீழேயே அறை உள்ள வீடாகத் தேடி எடுத்திருந்தாள். பத்திரம் பதியப் பதினேழு நாள் இருந்தது. வீடு அவள் வாங்குகிறாள், காராவது நாம் வாங்கித் தருவோம் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. அன்று அவள் பகல் டூட்டிக்குப் போனதும் நூறு டாலர் நோட்டு நூற்று முப்பத்தெட்டை மூன்று முறை எண்ணி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கார் கடை என் நடைக்கு மூவாயிரத்து எண்ணூறு அடி.

விற்கிற பையன் நல்ல உயரம். வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினான். எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்று கேட்டான். ரொக்கம் என்று பையைத் திறந்து காட்டினேன். அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். வாடிவிட்டது. ராணிப்பேட்டையில் நான் முதல் ஸ்கூட்டர் வாங்கியபோது, கடைக்கார மேல்விஷாரம் பாய் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரொக்கமா? அப்ப பேச்சே இல்ல சார், உக்காருங்க. இந்தத் தவணைக்காரங்களோட தான் ஜாஸ்தி பேஜாரு" என்று சொல்லி, ஹெல்மெட்டும் சீட் கவரும் சும்மா கொடுத்தார். இங்கே இவர்களுக்கு லாபமே தவணையில்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "வண்டி யார் பெயரில்?" என்றான். மகள் பெயரில் என்றேன். "அப்படியென்றால் ஃபைலுக்கு ஒரு ஃபாரம், ரொக்கமானாலும் எல்லோரும் நிரப்புவதுதான்" என்று நீட்டினான்.

முப்பத்தொரு வருஷம் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதம் எழுதியவன் நான். ஒரு முறை ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில், ஷூ ஏற்றிய கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் பதினோரு நாள் கிடந்தது. அதிலிருந்து காலிக் கட்டத்தைக் கண்டால் என் கை சும்மா இராது. அந்த ஃபாரத்தில் நாற்பத்தாறு கட்டம். எஸ்தரின் பிறந்த தேதி, நம் ஆதார் மாதிரி இங்கே இருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண், சம்பளம், வாடகை எல்லாம் என் பாக்கெட் நோட்டில் இருந்தன. எழுதினேன். கீழே, முதலாளிக்காகப் போட்டுப் பழகிய மாதிரி, 'எஸ்தருக்காக' என்று என் கையெழுத்தைப் போட்டேன். அவன் பார்க்கவே இல்லை. மகள் நேரில் வந்தால்தான் வண்டி தருவோம் என்றான். பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நாலு மணிக்கு எஸ்தர் போனும் கையுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அப்பா, கார் கடைக்குப் போனீங்களா?"

"போனேம்மா. எல்லாம் ரொக்கம். ஒரு பைசா கடன் இல்ல."

"கடன் இல்லையா? ஏழு பேங்க்ல என் பேர்ல கார் லோன் கேட்டிருக்காங்க! இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நான் எங்க கேட்டேன்? ஃபாரம் தான் எழுதினேன்."

"என் சம்பளம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஃப்ரிட்ஜ் மேல சீட்டு இருந்துச்சு."

அவள் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. உட்கார்ந்துவிட்டாள். நான் நிரப்பியது கடன் மனுவாம், அப்படிக் கடன் கேட்டாலே மார்க் குறையுமாம். மார்க் எழுநூற்று முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. எழுநூற்று நாற்பதுக்குக் கீழே போனால் வீட்டுக் கடனுக்கு வட்டி ஏறும், அந்த வட்டியில் தவணை கட்ட அவள் சம்பளம் போதாது. கடனில் மாட்டாமல் இருப்பதுதானேம்மா நல்லது என்று மெல்லச் சொன்னேன். எங்கள் ஷூ ஆலையை மூடிய வருஷம், தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ்காரர்கள் கேட் வாசலிலேயே என்னோடு வேலை பார்த்த குப்பனின் வண்டியைப் பிடித்ததை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். "டிபன் பாக்ஸையாவது எடுத்துக்கிறேன் சார்" என்று அவன் கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"கடன்காரி ஆவறதுக்குத்தானேப்பா பதினோரு வருஷமா நைட் டூட்டி பார்த்தேன்" என்றாள் எஸ்தர்.

அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் வங்கிக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். பரிசு கொடுக்க நினைத்தவர் எதற்குக் கடன் கேட்டார் என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. முன்பணத்தைக் கூட்டிக் கட்டினால் பழைய வட்டிக்கே தரலாம் என்றாள். எவ்வளவு என்றேன். பன்னிரண்டாயிரம். சாப்பாட்டுப் பையை மேஜைமேல் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று காகிதம் கேட்டாள். ராணிப்பேட்டையில் என் வீட்டை விற்ற பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். 'இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் இல்லை' என்று நான் கையெழுத்துப் போட்ட பத்திரம். அதைப் பார்த்துவிட்டு அவள் ஒரு தாளை நீட்டினாள். மூன்று வரி. இது பரிசு. மகள் திருப்பித் தர வேண்டியதில்லை. வாங்கப்போகும் வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை.

பெற்ற மகள் எனக்குக் கடன்பட்டவள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குக் கடன் கொடுப்பார்களாம். மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கடன் கிடைத்துவிட்டது. பழைய காரிலேயே போய் நேற்று வீட்டைப் பார்த்தோம். விட்டுவந்த வீட்டிலும் பங்கில்லை, இருக்கப்போகும் வீட்டிலும் பங்கில்லை என்று இரண்டு நாட்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. கீழ் அறையில் எஸ்தர் டேப்பால் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, கட்டில் இங்க போட்டா தல எந்தப் பக்கம் வெச்சிப் படுப்பீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயிலே இல்லை. கிழக்கு எது என்று எனக்குப் பிடிபடவில்லை.