எலும்பு குத்துது

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமல் போனபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் இல்லாத கட்டடம். செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி வந்தவர், ஜன்னலோரம் இருந்து மணிச்சத்தம் கேட்பதோடு நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு ஆண்கள் அவரைக் கதிரையில் இருத்தி அப்படியே தூக்கிப்போகத் தயாராக இருந்தார்கள். அம்மா விடவில்லை.

"நாலு பேர் தூக்க ஒருநாள் போகத்தானே போறன். அதுவரைக்கும் வேணாம்."

மிச்சம் நான் ஒருத்தன்தான். ஈர்க்கில் மாதிரி இருப்பேன். ஒருநாள் வீராப்பாக அவரைக் கட்டிலிலிருந்து தூக்கினேன். கதவடிக்குக்கூடப் போகவில்லை, கால் நடுங்கியது.

"இறக்கடா, உன்ர எலும்பு குத்துது," என்றார்.

விழுந்துவிடுவோம் என்ற பயத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார். அது எனக்குத் தெரிந்ததால் இன்னும் சுட்டது. என்றைக்காவது ஒரு செவ்வாய்க்கிழமை நானே இவரைக் கோயிலுக்குக் கொண்டுபோவேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

எனக்கு வேலை வெள்ளவத்தையில். காலி வீதியில் ஒரு புடைவைக்கடைக்கு மேலே இருந்த ஜிம்மில் சேர்ந்தேன். என்னோடு வேலைசெய்யும் நண்பன் அங்கே போய்த் தொப்பையைக் கரைத்திருந்தான். அவனுடைய ஷெடியூலை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டேன். நெடுநேரம் ட்ரெட்மில், பிறகு சின்னப் பாரங்களை விடாமல் தூக்குவது, இரவில் சோறு இல்லை. கொழும்பில் யாரைக் கேட்டாலும் எல்லா உடம்புக்கும் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: சோற்றைக் குறை. நானும் குறைத்தேன். சில மாதங்களில் பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டி வந்தது. கூடியது கோபம் மட்டும்தான்.

ஒருநாள் பயிற்சியாளர் வந்து ட்ரெட்மில்லை நிறுத்தினார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் கதைப்பார்; தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் 'மல்லி' என்பார்.

"மல்லி, நீங்க எதுக்கு ஓடுறது? குறைக்க ஒண்ணும் இல்லையே."

போனைக் காட்டினேன். யாருடைய ஷெடியூல் என்று பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது அவர்ட சட்டை மல்லி. உங்களுக்கு தொளதொள."

அதன்பிறகு அவர் சொல்லித்தந்தபடி என் உடல்வாகுக்கு ஏற்றதைச் செய்தேன். ஓட்டம் நின்றது. தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்பினேன், நிலத்திலிருந்து பாரம் தூக்கினேன். பாரம் கூட, தடவை குறைவு. ஒருநாள் பயிற்சி என்றால் மறுநாள் ஓய்வு. சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சோறு திரும்பி வந்தது, கூடவே பருப்பும் முட்டையும் மீனும். சமையலும் நானேதான்.

"ஒரு ஆளுக்கா சமைக்கிறாய், கலியாண வீட்டுக்கா?" என்று கட்டிலில் இருந்தபடி அம்மா கேட்பார். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் மீன், முட்டை, இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. அப்போது அவித்த கடலையைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றேன்.

தராசு முள் லேசில் அசையவில்லை. நானும் விடவில்லை. அரிசி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். நாங்கள் வீடு மாறப்போகிறோம் என்று கீழ்வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்கு நல்ல சேலை உடுத்திவிட்டேன்.

"ஆர் வாறது தூக்க?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான்."

"இறங்கிடலாம். திரும்பி ஏறுறது?"

"அதுக்குத்தானே அவ்வளவு சோறும் திண்டனான்."

அவர் சிரிக்கவில்லை. செபமாலையை இடக்கையில் சுற்றிக்கொண்டார். நான் குந்தி, அவரை மார்போடு சேர்த்து, காலை ஊன்றி எழும்பினேன். படிகளில் அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். ஒவ்வொரு மாடித்தட்டிலும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். எனக்கும் பயம்தான். ஆனால் கால் நடுங்கவில்லை.

கீழே ஓட்டோ நின்றது. சீட்டில் இருத்திய பிறகும் என் கழுத்திலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.

"இப்ப குத்தேல்லடா," என்றார்.