நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்து?

போன வியாழக்கிழமை வாங்கிய அடியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. அடித்தது யார் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்...

காலை ஏழரை மணி. பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டு முனிரத்னம் கதவைத் தட்டினார். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நகரிப் பக்கத்துக்காரர். இங்கே திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி செல்விக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை; விடியும்போதே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். ஒரே மகள் தேஜு. எட்டு வயது.

"பாப்பாவுக்கு மூச்சு வாங்குது சார். நான் வண்டி ஓட்டணும்... புடிச்சிக்க ஒரு ஆளு வேணும்."

தேஜுவுக்கு ஆஸ்துமா என்று எனக்குத் தெரியும். ஆஸ்துமா என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்டோவின் பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் இழுத்தது. அவசரத்துக்கு வைத்திருந்த நீல இன்ஹேலரை வீட்டிலேயே அடித்துப் பார்த்தாராம்; கேட்கவில்லை. வழியிலும் அடித்தோம்.

"ஸ்கூல்ல... லீவு... சொல்லணும்" என்றாள் தேஜு. மூன்று வார்த்தை. மூன்று மூச்சு. நான் வாழ்நாளில் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே தூக்கிப் போனார்கள். ஆக்ஸிஜன், நெபுலைசர், ஊசி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தத் தொண்டைக்குழி ஆடாமல் நின்றது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டர் இளம் பெண். முனிரத்னத்திடம், தினமும் காலையும் இரவும் கொடுக்கச் சொன்ன இன்னொரு இன்ஹேலர் ஒழுங்காகப் போகிறதா என்று தெலுங்கில் கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். ரெண்டு மாசமாகக் கொடுக்கவில்லை என்றார்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டதும், அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சார்தான் சொன்னாரு மேடம். நல்லா ஓடி ஆடிக்கினு இருக்கிற புள்ளைக்கு எதுக்குத் தெனம் மருந்து, ஒடம்பு பழகிடும்னு... பத்திரிகையில எழுதுறவரு, தெரிஞ்சிதானே சொல்லுவாருன்னு நிறுத்திட்டேன்."

நானா? எப்போது?

யோசித்தால்... ஆமாம். ஒரு சாயங்காலம். தேஜு வாசலில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். முனிரத்னம் இன்ஹேலரோடு அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டே போகிறபோக்கில் ஏதோ சொன்னேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. மேலே வந்து விசிறியைப் போட்டபோதே மறந்துவிட்டேன். கீழே ஒரு தகப்பன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியாது என்பதுதான் பயமாக இருக்கிறது.

டாக்டர் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக விளக்கினார். நீல இன்ஹேலர் மூச்சு முட்டும்போது. மற்றது மூச்சு முட்டாமலே இருக்க. அது தினமும் போனதால்தான் தேஜு ஓடி ஆடினாள். மூச்சுக்குழாய்க்குள் வீக்கம் வராமல் அது காத்துக்கொண்டிருந்தது. கொஞ்சமே மருந்து, நேராக நுரையீரலுக்குப் போகிறது. எடுத்ததும் வாய் கொப்பளித்தால் போதும். குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதைப் பரிசோதித்துப் பார்த்துத் தானே சொல்வதாகச் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "மீரு டாக்டரா?" என்று கேட்டார். கிண்டலே இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"இல்லை" என்றேன்.

நம் ஊரில் மருந்து எழுதித்தர ஒரு டாக்டர் வேண்டும். நிறுத்தச் சொல்ல யாராக இருந்தாலும் போதும், இல்லையா? பக்கத்து சீட்காரர், கல்யாணத்தில் சந்தித்தவர், மாடி வீட்டு எழுத்தாளர்...

மதியம் செல்வி கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்தார். தினமும் வேலையிலிருந்து போன் போட்டு, கொடுத்தாச்சா என்று கேட்பாராம். முனிரத்னமும் கொடுத்தாச்சு என்பாராம். நடந்ததை நானே சொன்னேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மகளின் நெஞ்சில் கை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேஜு வீடு திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கக் கீழே போனேன். ஒரு பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் இன்ஹேலர், மறுமுனையில் தேஜு. முனிரத்னம் ஒன்று, ரெண்டு என்று அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவள் ஓடிப்போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி வாய் கொப்பளித்தாள்.

செல்வி டீ கொடுத்தார். நான் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டு முடித்ததும் சொன்னார்.

"உங்கள கோவிச்சிக்கினு இன்னா ஆவப்போவுது சார்? இவரு மாதிரி நீங்க சொன்னா கேக்குறவங்க இன்னும் எத்தினியோ பேரு இருப்பாங்க. அவங்களுக்கு எழுதுங்க. யாரோ ஒருத்தர் சொன்னாருன்னு எழுதாதீங்க. நான்தான் சொன்னேன்னு எழுதுங்க."

நான்தான் சொன்னேன்.