மும்பை நீங்கலாக

உயிரோடு இருந்த ஒரு மனிதரை விளம்பரத்துக்காக நான் சாகடித்தேன். பிறகு அந்தப் பழியை அவருடைய மனைவியின் தலையில் போட்டேன்.

இதை இன்னும் நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியும். வார்த்தைகளுக்கு மெருகேற்றி விற்பதுதானே என் பிழைப்பு! இன்று மட்டும் அந்த வித்தை வேண்டாம் என்று பார்க்கிறேன்.

போன மாதம் மும்பை மாட்டுங்கா அரங்கில் நான் பேசியதைக் கேட்டவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். இணைய விளம்பரத் தொழிலும் வாழ்க்கையும் எனக்குக் கற்றுத்தந்த பாடங்கள் என்பது தலைப்பு. சிரித்தீர்கள், கை தட்டினீர்கள், என்னோடு படம் எடுத்துக்கொண்டீர்கள்... ஒரு பாடத்தை மட்டும் நான் உங்களிடம் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

தொழில் தொடங்கிய புதிது. மாட்டுங்காவில் ஒரு மாடியறை, ஒரு மடிக்கணினி, வாய் நிறையப் பேச்சு. இவ்வளவுதான் என் மூலதனம். என் முதல் வாடிக்கையாளர் ஞானபுஷ்பம் அக்கா.

தாராவியில் இருந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே ஏதோ ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். முந்திரிக்கொத்து செய்வதில் கெட்டிக்காரர். பாசிப்பயற்று மாவைக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து, எங்கள் கட்டடத்துக்குக் கொண்டுவந்து விற்பார். அதை இணையத்தில் போட்டு மற்ற ஊர்களுக்கும் அனுப்பலாம் என்று ஆசை காட்டியவன் நான்தான். அவர் கேட்டு வரவில்லை. இதை நீங்கள் மறக்கக் கூடாது.

அவருடைய கணவர் தேவசகாயம் அண்ணன் டெம்போ ஓட்டினார். பாதி நாள் பூனா, நாசிக் என்று வெளியூரில்தான் இருப்பார். வீட்டுக்கு வந்தால் மனைவியின் பார்சல்களை அவரே சுமந்து கூரியர் அலுவலகத்தில் சேர்ப்பார். "எம் பொண்டாட்டி கம்பெனி வச்சிருக்கா, பாத்துக்க" என்று சக டிரைவர்களிடம் பீற்றிக்கொள்வாராம்.

முதல் விளம்பரத்தை நேர்மையாகத்தான் எழுதினேன். கருப்பட்டி, பக்குவம், கைமணம்... அக்காவிடம் படித்தும் காட்டினேன். நல்லாருக்கு தம்பி என்றார். ஆனால் ஒருவரும் வாங்கவில்லை!

அந்த வாரம் செம்பூரில் ஒரு புடவைக்கடை முதலாளி என்னைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்றை விற்றுக் காட்டு, பிறகு என் கடையைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நானோ விற்காத முந்திரிக்கொத்தை வைத்துக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தேன்.

திரையில் அக்காவின் புகைப்படம். வெளிர் நிறச் சேலை. வெறும் நெற்றி. அவருடைய கிறிஸ்தவ சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள் அந்த நெற்றியைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும் என் விரல் சும்மா இருந்ததா?

'கணவரைப் பறிகொடுத்த பின், தன் இரு கைகளை மட்டும் நம்பி மகளை வளர்க்கும் ஒரு தாயின் கைப்பக்குவம்.'

இந்த ஒரு வரிதான் சேர்த்தேன். அக்காவிடம் காட்டவில்லை.

எந்த ஊரில் இருப்பவர்கள் கண்ணில் விளம்பரம் படவேண்டும், எந்த ஊரில் படக் கூடாது என்று குறிக்க எங்கள் தொழிலில் வசதி உண்டு. நான் தமிழ்நாடு முழுவதையும் சேர்த்தேன். மும்பையை நீக்கினேன். பக்கத்து நகரமான தானேயை நீக்கினேன். அவருடைய சபைக்காரர்கள் சிலர் நெருளில் இருப்பது நினைவுக்கு வந்து நவி மும்பையையும் நீக்கினேன். அறியாமல் செய்த பிழை என்று நான் சொல்லிவிட முடியாதபடி அவ்வளவு கவனமாகச் செய்தேன்!

விற்பனை கொட்டியது. மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'தைரியமாக இருங்கள் அம்மா' என்று எழுதி, வேண்டியதைவிட அதிகமாக வாங்கினார்கள். எல்லாச் செய்திகளும் என் தொலைபேசிக்குத்தான் வரும். ஆறுதல் வார்த்தைகளை அழித்துவிட்டு முகவரிகளை மட்டும் அக்காவுக்கு அனுப்புவேன்.

"கருப்பட்டி வாசம் மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கு, பாத்தியா தம்பி!" என்று அவர் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரை உதவிக்கு வைத்துக்கொண்டார். 

நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவன். சொந்த ஊர் என்று ஒன்று எனக்குக் கிடையாது. தாராவியில் இருப்பவருக்குத் தாராவி மட்டும் ஊரல்ல என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. அவர்களுடைய சொந்த ஊரை நான் நீக்கவில்லை!

அங்கே தேவசகாயம் அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர் ஜெபமணி இருந்தார். சொத்துப் பிரிப்பதில் மனஸ்தாபம் வந்து, அண்ணனுக்கும் தம்பிக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் யாரோ அவரிடம் தொலைபேசியை நீட்டியிருக்கிறார்கள். தம்பி மனைவியின் படம், கீழே என் வரி...

தம்பி செத்த செய்தியைக்கூட நமக்குச் சொல்லவில்லையே என்று அவர் தரையில் விழுந்து அழுதாராம். கோயிலில் துக்கமணி அடித்தார்கள். ஊர் கூடி ஜெபம் செய்தது. மறுநாளே மனைவியை அழைத்துக்கொண்டு மும்பைக்கு ரயிலேறிவிட்டார்.

தாராவிச் சந்துக்குள் அழுதுகொண்டே வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவர் தேவசகாயம் அண்ணன்!

நான் அங்கே இல்லை. பிறகு கேள்விப்பட்டேன். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு கதறியிருக்கிறார்கள். அழுகை ஓய்ந்த பிறகுதான் கேள்வி வந்திருக்கிறது. இதை எழுதியது யார்?

எனக்கு அழைப்பு வந்தது. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். நான் நடந்தேன். வழி நெடுக மன்னிப்புக் கேட்கும் வாசகங்களை ஒத்திகை பார்த்தேன் என்பது சத்தியம். அன்று மாலை செம்பூர் முதலாளி என்னோடு ஒப்பந்தம் போடுவதாக இருந்தது. அதுவும் சத்தியம்.

சின்ன அறை. தேவசகாயம் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜெபமணி கையில் தொலைபேசியோடு நின்றார். அக்கா சுவரோரம். பள்ளிச் சீருடையில் மகள் ஷெரின் அடுப்புப் பக்கம் ஒதுங்கி நின்றாள். வாசலை அடைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார். அவர்களில் இரண்டு கடைக்காரர்கள் என்னிடம் விளம்பரம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர்கள்.

"இத எழுதுனது நீதானா தம்பி?" என்று தேவசகாயம் அண்ணன் கேட்டார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆமாம் அண்ணா."

ஜெபமணி பாய்ந்தார். "எந்தம்பிக்கு ஊருல துக்கமணி அடிச்சிட்டுல்லா வந்திருக்கோம்! மண்ணுக்காண்டி அவங்கிட்ட பேசாம இருந்துட்டமேன்னு நான் அழுத அழுவ எனக்குல்லா தெரியும்! அவன் செத்துட்டாம்னு ஒனக்கு யாருலே சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, நானே எழுதினேன்... இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தேன். இங்கே ஒருமுறை பொய்யன் என்று பெயர் வாங்கினால் அந்தப் பெயர் மாட்டுங்காவுக்கும் வரும், செம்பூருக்கும் போகும் என்று தோன்றியது.

"அக்கா சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஏ தம்பி... நான் எப்பம்ப்பா சொன்னேன்? நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் அப்பிடி ஒரு வார்த்த சொல்லுவனா?"

பாருங்கள், அவர் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்! திருந்திக்கொள்ள வழி விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் தொழில் சாமர்த்தியம் முழுவதையும் அந்த இடத்தில் காட்டினேன்.

"நீங்க சொல்லாம எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் அண்ணாவைச் சரியாப் பார்த்ததுகூட இல்லையே. விற்கணும்னு நீங்கதானே ஆசைப்பட்டீங்க?"

பாதி உண்மையைக் கலந்தால் பொய் நன்றாக நிற்கும். அன்றும் நின்றது.

தேவசகாயம் அண்ணன் எழுந்தார். மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ரூவா வரும்னா என்னக் குழிக்குள்ள தள்ளிருவியாட்டி?"

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஷெரின் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது... சே!

அன்று மாலை செம்பூரில் கையெழுத்துப் போட்டேன். விளம்பரத்தை நீக்கினேன். அக்கா பலகாரம் செய்வதை விட்டுவிட்டார். உதவிக்கு வந்த பெண்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். தேவசகாயம் அண்ணன் வீட்டை விட்டுப் பிரிந்துபோகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனைவி சமைத்ததில் கை நனைப்பதில்லை. வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்து படுப்பார். கிறிஸ்துமஸுக்குத் தன் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய்வருகிறார். பிரிந்த சகோதரர்களை என் பொய் சேர்த்துவைத்தது என்று சில காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு மலிவான சமாதானம்!

உண்மையைச் சொல்ல வாய்ப்பே வரவில்லையா என்று கேட்கிறீர்களா? வந்தது. ஒருமுறை மாஹிமில் தேவசகாயம் அண்ணனை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். ஓடி ஒளிய நினைப்பதற்குள் அவரே கையைப் பிடித்து டீக்கடைக்கு அழைத்துப்போனார்.

"ஒம்மேல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. படிச்ச புள்ள... ஒன்னயும்லா பொய் எழுத வச்சிட்டா" என்றார்.

அவர் வாங்கிக்கொடுத்த டீயை நான் குடித்தேன். ஆமாம், குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு ரயிலேறினேன். அதன் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது செம்பூரில் சொந்த அலுவலகம், ஊழியர்கள், மேடை, மாலை...

இனி அந்த மாட்டுங்கா அரங்குக்கு வருகிறேன். பேச்சு முடிந்து கேள்வி நேரம். முன்வரிசையில் ஒரு இளம்பெண் ஒலிவாங்கியை வாங்கினாள். உங்களுக்கு நினைவிருக்கலாம்.

"சார், கிளையண்ட்டே நம்மகிட்ட ஜூட் சொன்னா என்ன பண்ண? மத்லப்... பொய் சொன்னா? எங்க வீட்லயே ஒருத்தங்க அப்பிடிப் பண்ணிருக்காங்க. அதான் கேக்கேன்."

ஷெரின்! வளர்ந்திருந்தாள். ஆனால் அந்த முகத்தை நான் எப்படி மறப்பேன்? மேடையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். நீங்கள் யாரும் வித்தியாசமாக எதையும் கவனிக்கவில்லை. ஏனென்றால் என் வாய் குழறவில்லை.

"வாடிக்கையாளரின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். எதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்" என்றேன்.

நீங்கள் கை தட்டினீர்கள். அவள் தன் தொலைபேசியில் அதைக் குறித்துக்கொண்டாள்.

இப்போது அவள் என் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறாள். இதை நான் எழுதும்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் தமிழில் எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஞானபுஷ்பம் அக்காவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

நடந்ததை அந்தப் பெண்ணை அழைத்துச் சொல்லிவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். தினமும் காலையில் அதே தீர்மானத்தோடுதான் வருகிறேன். அவள் குட் மார்னிங் சொல்கிறாள். நானும் சொல்கிறேன்... அதோடு சரி.

வேலை கேட்டு அவள் என்னிடம் வந்தது அந்தக் கூட்டம் முடிந்த உடனேதான். எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். தயங்கித் தயங்கித் தான் யார் என்று சொன்னாள்.

"அம்மாகிட்ட கேட்டியாம்மா?" என்றேன். வேறென்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க சார். ஒங்க பேர எடுத்தாலே எந்திச்சுப் போயிருவாங்க. பண்ணதுக்கு ஷரம்... வெக்கம், வேற என்ன? ஒங்க மூஞ்சியில எப்பிடி முழிப்பாங்க... நீங்க அத மனசுல வச்சிக்கிடாதிய சார். அம்மாக்காண்டி நான் சாரி கேக்கேன்."

அவள் கைகளைக் கூப்பினாள். அரங்கில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் அருகில் யாரும் இல்லை. அப்போதாவது என் வாயில் உண்மை வந்திருக்கக் கூடாதா?

"அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்மா" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தேங்க்ஸ் சார்! இன்னிக்கே போயி அம்மாட்ட சொல்லுதேன்" என்றாள்.

சொல்லியிருப்பாள்.