டப்பா மாற்றும் பெஞ்ச்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாரத்தில் சண்டை போட்டுக்கொண்ட பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மதியம் மைதானத்து ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொண்டு சாப்பிட வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வீட்டுச் சாப்பாடு வயிற்றுக்குள் போனால் கோபம் தானாக வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. பெரும்பாலும் வந்தும்விடும்.

பெஞ்சுக்குப் பொறுப்பு தையல் டீச்சர். முறைத்துக்கொண்டு நிற்கும் ஜோடிகளைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்து உட்கார வைப்பாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துவைத்த இந்த மகராசிக்குத் தன் சண்டையைத் தீர்க்கத்தான் துப்பில்லை.

லைப்ரரி அக்காவும் அவளும் ஒரு காலத்தில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் தையல் டீச்சர் லீவு கேட்டபோது, ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், "புருஷனா, புள்ளையா, உங்களுக்கு எதுக்கு டீச்சர் லீவு?" என்று லைப்ரரி அக்கா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்தாள். மறுநாளிலிருந்து தையல் அறையில், மெஷின்களுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். வீட்டிலும் பேச ஆளில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் வாயே திறக்காமல் பொழுது சாய்ந்துவிடும். தனிமை அவளை அரித்தது. ஆனாலும் வீம்பை விடவில்லை.

வருஷங்கள் ஓடி, லைப்ரரி அக்காவுக்குக் கடைசி வேலைநாள் வந்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுகிறாள். இன்று விட்டால் பிடிக்க முடியாது. பிள்ளைகள் எழுந்து போனதும் தையல் டீச்சர் நேராக லைப்ரரிக்குப் போய், "உங்க டப்பாவ எடுத்துட்டு வாங்கக்கா" என்று கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள். தன் டப்பாவை நீட்டினாள்.

"இது சண்டை போட்டவங்க பெஞ்சாச்சே டீச்சர்?"

"நம்ம சண்டைதான்க்கா."

"நமக்குள்ள என்ன சண்டை?"

சொன்னாள். லீவு, சிரிப்பு, எல்லாவற்றையும். அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"அடப்பாவமே, நானா அப்படிச் சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே. நீங்க கதவச் சாத்திக்கிட்டதும், இவங்களுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும்போல, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு விட்டுட்டேன். அந்த மேசையில நானும் ஒத்தையாத்தானே சாப்ட்டேன்."

அக்கா கதவை ஒருதரம் தட்ட மாட்டாளா என்று தையல் டீச்சர் எத்தனை மதியம் காத்திருந்தாள்! தட்டாமல் போனதும் அன்பால்தானாம். இனி யாரைக் கோபித்துக்கொள்வது?

டப்பாக்கள் கைமாறின. இருவரும் சாப்பிட்டார்கள்.

"திங்கக்கெழமைலேருந்து யாரோட சாப்பிடுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"எப்பவும் போலத்தான்" என்றாள் தையல் டீச்சர், வெகு சாதாரணமாக.

அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.