கை வைக்காதே

அலுவலகத்தில் அவளுக்குத் 'துடைப்பம்' என்று பெயர். வீட்டிலும் அதே கதைதான். மறுபடி செய்துகொள்ளவோ வாங்கவோ முடிகிற எதையும் எறியாமல் விட்டுவைக்க மாட்டாள். காலி ஜாம் பாட்டில்களைக் கணவன் ஒளித்துவைத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரிகளுக்கு அழைப்புமணி மென்பொருள் எழுதும் கம்பெனி அது. எந்தக் கட்டிலின் பொத்தானை அழுத்தினால் எந்த நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும் என்கிற நிரலை அங்கே யாரும் எழுதுவதில்லை. கட்டில் விவரங்களைக் கொடுத்தால் ஒரு கருவியே எழுதித் தள்ளிவிடும். அந்தக் கோப்பின் தலையில் 'கருவி எழுதியது, கை வைக்காதே' என்று இருக்கும்.

கருவி இருக்கிறது, விவரம் இருக்கிறது, பிறகு இந்தக் குப்பையையும் எதற்கு, நிரல்களைப் பதிப்பு பதிப்பாகக் காத்துவைக்கும் களஞ்சியத்தில் சேமிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார் பக்கத்து மேசைக்காரர். அதிகம் பேசாததால் 'சாமியார்'. சாமியார் லீவில் இருந்த வாரமாகப் பார்த்து அவள் கோப்பைத் தூக்கிவிட்டாள். கருவி புதிதாக எழுதித் தந்தது. இன்று காலை அதை ஓர் ஆஸ்பத்திரியில் ஏற்றினார்கள். வயிற்று ஆபரேஷன் முடிந்து அவளுடைய நாத்தனார் படுத்திருப்பதும் அங்கேதான்.

மதியம் வேலைக்குத் திரும்பிய சாமியார் விஷயம் கேட்டு நாற்காலியில் உட்காரவே இல்லை.

"அந்தக் கோப்பையா தூக்கினீங்க?"

"கருவிதான் திரும்ப எழுதிடுச்சே."

"நான் அதுல கை வெச்சிருந்தேம்மா."

அந்த ஆஸ்பத்திரியில் முன்பே வார்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, கட்டில்கள் உள்ள பக்கத்துக்குப் புது நர்ஸ் மேசை போட்டிருக்கிறார்கள். அன்றைய அவசரத்தில் அவர் விவரங்களைத் திருத்தாமல் நேராகக் கோப்பையே திருத்திவிட்டார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது விட்டதுதான். கருவிக்குச் சுவர் தெரியாது. பழைய மேசைக்கே மணியை அனுப்பியிருந்தது. பழைய மேசை இருந்த பாதி இப்போது கிடங்கு; அங்கே உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

களஞ்சியத்தின் பழைய பதிப்பில், அவள் எறிந்த கோப்பு அப்படியே கிடந்தது. புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மாறியிருந்த வரிகளில் நாத்தனாரின் கட்டில் எண்ணும் இருந்தது. கையை நீட்டிப் போனை எடுத்தாள்.

சாமியார் ஒரு போனில் வார்டைக் கூப்பிட்டு, மணியை நம்பாமல் ஆளை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இன்னொன்றில் நாத்தனாரைப் பிடித்தாள்.

"அண்ணி, மணிய அழுத்துங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாமே."

"சும்மா அழுத்துங்க அண்ணி."

பொத்தானின் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். காலடி எதுவும் வரவில்லை.

"ஒருத்தரும் வரலையே," என்றாள் நாத்தனார். "நான் என்ன மகாராணியா, கூப்பிட்ட உடனே ஓடிவர?"

கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அந்தப் பக்கத்தில் யார் யார் அழுத்தினார்களோ.

பழைய கோப்பைத் திரும்ப வைக்கும்போது கடவுச்சொல்லைத் தப்புத் தப்பாக அடித்தாள். அது களஞ்சியத்தில் இருந்ததால்தான் பிழை தெரிந்தது என்றார் சாமியார். இருந்ததால்தானே நீங்க கை வெச்சீங்க என்றாள் அவள். இரண்டும் சரியாக இருந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது. மற்ற ஆஸ்பத்திரிகளின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் நாத்தனாரின் கட்டிலருகே நின்று அவளே பொத்தானை அழுத்தினாள். சுவருக்கு இந்தப் பக்கமே மணி அடித்தது. நர்ஸ் வந்து, ஒன்றும் இல்லை என்றதும் முறைத்துவிட்டுப் போனாள்.

"இன்னொரு தடவை அழுத்தட்டுமா அண்ணி?"

"அழுத்து. திட்டு உனக்குத்தான்."

அழுத்தினாள்.